மிச்சமிருந்த முப்பத்தைந்து தோட்டாக்கள்

லூயிஸ்டவுன், மொன்டானா
செப்டம்பர் 21, 1958

அண்ணா,

உன் விலாசம் கிடைக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. அதுவும் நீ கொடுத்து அல்ல. கடிதங்களைப் புது விலாசத்துக்கு அனுப்பச் சொல்லித் தபால் நிலையத்தில் நீ எழுதி வைத்த சீட்டை, அங்கே இருக்கிற பெண்ணிடம் கெஞ்சி வாங்கிப் பார்த்தேன். ஐடஹோ மலைக்குள் மூடிக்கிடக்கிற சுரங்கத்துக்குக் காவல்காரன் வேலையாம்! அதற்குப் போக வேறு நாளே கிடைக்கவில்லையா உனக்கு? என் புருஷன் ஆஸ்பத்திரியில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார், நீ துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ராய்ஸ் முழித்ததும் முதலில் கேட்டது உன்னைத்தான். "மச்சான் எங்க? பயந்துட்டாரா?" என்றார். நான் என்ன பதில் சொல்ல?

வலது கண் போய்விட்டது. எடுத்துவிட்டார்கள். வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. அன்றைக்கு உன் சட்டையைக் கிழித்து நீதானே கட்டினாய், உனக்கே தெரியும்.

ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: துப்பாக்கிப் பட்டறை லோவல் பிரெக்கியின் வேலை. ராய்ஸின் தாத்தா வைத்திருந்த பழைய ரிவால்வருக்குப் புதுக் குழல் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனான். தோட்டா நிற்கிற உருளையையும் உலையில் போட்டுப் பதம் ஏற்றினான். அந்த உருளைதான் இலக்குப் போட்டியில் பன்னிரண்டாவது வேட்டில் தேங்காய் உடைந்த மாதிரி உடைந்தது. நான் வக்கீலைப் பார்த்துவிட்டேன். அவருக்கு உன்னிடமிருந்து ஒரே ஒரு கடுதாசி வேண்டும். அந்தத் தோட்டாக்களை நீதான் தயாரித்தாய், எப்போதும் போடுகிற அளவுதான் வெடிமருந்து போட்டாய், எப்போதும் போலச் சரிபார்த்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நாலு வரி.

இன்னொன்று. ஐம்பது தோட்டாவில் முப்பத்தைந்து பெட்டியிலேயே மிச்சம்; உருளையில் போட்ட கடைசி ஐந்தில் சுடாத மூன்றும் அன்றைக்கே சிதறிப் போயின. லோவல் வந்து அதைக் கேட்கிறான், பிரித்துப் பார்க்க வேண்டுமாம். கொடுக்கலாமா?

வெர்னா

*

சுரங்க முகாம், சால்மன் வழி, ஐடஹோ
செப்டம்பர் 30

வெர்னா,

தபால் வண்டி இங்கே செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். அதனால் தாமதம். இங்கே போன் கிடையாது. இருபது மைல் கீழே ஒரு கடையில் இருக்கிறது.

சொல்லாமல் வந்தது தப்புதான். திட்டு. வேலை திடீரென்று வந்தது. குளிர்காலத்துக்கு முன்னால் ஆள் வேண்டும் என்றார்கள். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பம்ப் வீட்டில் குழாய் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எலி பிடிக்க வேண்டும். எலிதான் நிறைய.

ராய்ஸின் கையை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. அதை அவரிடம் சொல்.

பெட்டியை லோவலிடம் கொடுக்காதே. யாரிடமும் கொடுக்காதே. எதற்கு அதை வீட்டில் வைத்துக்கொண்டு? பார்க்கும்போதெல்லாம் அவருக்கு மனசு கெடும். ஸ்பிரிங் ஓடையில் பாலத்தின் மேலிருந்து கொட்டிவிடு. இல்லை என்றால் எனக்கு அனுப்பு.

வக்கீல் கேட்டது பற்றிப் பிறகு எழுதுகிறேன். அவசரம் என்ன.

ஆன்சல்

*

லூயிஸ்டவுன்
அக்டோபர் 14

அண்ணா,

அவசரம் என்னவா? நீ எலியோடு பேசிப் பேசி மனுஷ பாஷையை மறந்துவிட்டாய் போலிருக்கிறது. ராய்ஸ் இனிமேல் ரயில்வேயில் வேலை செய்ய முடியாது. ஒற்றைக் கண் ஆளை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள். அதுதான் அவசரம்.

தோட்டாவைத் தபாலில் அனுப்பச் சொல்கிறாயே, அது கூடாதென்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதானே! ஓடையில் கொட்டச் சொன்னாய் என்று வக்கீலிடம் சொன்னேன். மனுஷர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அம்மா, அது நம்ம சாட்சி! அதுல ஒண்ணு குறைஞ்சாலும் நாளைக்கு அவன் பக்கம் பேசுவாங்க" என்று பெட்டியை வாங்கித் தன் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

லோவல் போன வாரம் வந்திருந்தான். வாசலிலேயே நிற்க வைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே, "வெர்னா, நான் பதினோரு உருளைக்குப் பதம் ஏத்தியிருக்கேன், ஒண்ணும் உடையல. அந்தப் பெட்டிய ஒரு மணி நேரம் குடு. குண்ட உருவி, மருந்த எடை போட்டுப் பாக்கறேன். நீ பக்கத்துலயே நில்லு" என்றான்.

"எங்க அண்ணன் மருந்து அளக்கறதப் பத்தி நீ பேசாத லோவல்" என்றேன். "இந்த மாவட்டத்துல அடுத்தவன் செஞ்ச தோட்டாவ எவனும் சுடமாட்டான். அவனவன் கையால செஞ்சதத்தான் அவனவன் சுடுவான். ஆனா ஆன்சல் குடுத்தா மட்டும் கண்ண மூடிட்டு வாங்குவாங்க. ஏன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்" என்றான். "நானும் வாங்கியிருக்கேன்." அதோடு போய்விட்டான். பாவமாகக்கூட இருந்தது. ஆனால் பாவம் பார்த்து என் புருஷனுக்குக் கண் வருமா?

வக்கீல் டைப் அடித்துக் கொடுத்த தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ எழுதக்கூட வேண்டாம். அடியில் கையெழுத்துப் போட்டால் போதும். அண்ணா, நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதைச் செய்.

வெர்னா

*

சுரங்க முகாம்
நவம்பர் 4

வெர்னா,

போட்டிருக்கிறேன். தாள் உள்ளே இருக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் என் மேஜையில் கிடந்தது. அதற்குக் காரணம் கேட்காதே. உடம்பு சரியில்லை என்று வைத்துக்கொள்.

லோவலுக்கு ரொம்பக் கஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல் வக்கீலிடம். அவன் கெட்டவன் இல்லை. எஃகு சில சமயம் வெளியே தெரியாமலே உள்ளுக்குள் விரிசல் விட்டிருக்கும், அது யாருடைய தப்பும் இல்லை. இதை அவரிடம் சொல்.

இங்கே பனி முழங்கால் உயரம்.

ஆன்சல்

*

லூயிஸ்டவுன்
மார்ச் 29, 1959, ஈஸ்டர்

அண்ணா,

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட இல்லை உன்னிடமிருந்து. சரி, போகட்டும். இன்றைக்கு நல்ல நாள், சண்டை போட மாட்டேன். பன்றித் தொடை வேகிறது, உனக்கும் ஒரு தட்டு வைத்திருப்பேன், நீதான் இல்லை.

வழக்கு கோர்ட்டுக்கே போகவில்லை. லோவல் ஒத்துக்கொண்டுவிட்டான். எப்படி என்று உனக்குத் தெரிய வேண்டும். வக்கீல் ஆபீசில் நானும் இருந்தேன். அவர் உன் தாளை மேஜைமேல் வைத்தார். லோவல் அதை ரெண்டு தடவை படித்தான். கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ஆன்சல் கையெழுத்துப் போட்டிருக்கானா? அப்ப என் வேலைதான் தப்பு. நான் எங்கயோ பதத்த விட்டுட்டேன்" என்றான். அவ்வளவுதான். வக்கீல்கூட வைத்துக்கொள்ளவில்லை அவன்.

பட்டறையைப் பூட்டிவிட்டான். கடைசல் இயந்திரத்தை பில்லிங்ஸ் ஆள் ஒருத்தன் ஏற்றிக்கொண்டு போனான். ஊரில் அவன் வேலை செய்து கொடுத்த துப்பாக்கி ஒவ்வொன்றையும் வீடு வீடாகப் போய்த் திரும்பக் கேட்டானாம். "சுடாதீங்க, உருளைய நான் நம்பல" என்று. இப்போது தானியக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். கடைத்தெருவில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்கிறான். அதுதான் தாங்கவில்லை.

நல்ல சேதி சொல்கிறேன். ராய்ஸ் எழுந்துவிட்டார்! குளிர்காலம் முழுக்க அடித்தளத்து அறையில், காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு இடது கையால் பழகினார். இந்தப் பழைய மாதிரி ரிவால்வருக்கு ஒவ்வொரு வேட்டுக்கும் கட்டை விரலால் குதிரையை இழுக்க வேண்டுமே, இடது கட்டை விரல் புண்ணாகிப் புண்ணாகிக் காய்த்தே போய்விட்டது. "தோல் கண்டக்டர் பை மாதிரி ஆயிடுச்சு பாரு" என்று காட்டிச் சிரிக்கிறார். அதே தோட்டா போடுகிற மாதிரி புதிதாக ஒரு ரிவால்வர் வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் பத்தொன்பது, ஞாயிறு, கிரேட் ஃபால்ஸில் வருஷத்தின் முதல் போட்டி. போகிறோம்.

வக்கீல் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த முப்பத்தைந்தையும் அங்கே சுடப் போகிறார் ராய்ஸ். "ஆரம்பிச்சத முடிக்கணும் வெர்னா. மச்சான் வார்த்த ஈயம், எப்படி வீணாக்கறது? குண்டு நல்ல குண்டு, துப்பாக்கிதான் மோசம்னு எல்லாருக்கும் தெரியட்டும்" என்கிறார். உன் மேல் பழி வரக்கூடாது என்று அவருக்கு. நீயும் வந்தால் சந்தோஷப்படுவார். வாயேன்.

வெர்னா

*

சுரங்க முகாம்
ஏப்ரல் 3, வெள்ளி

வெர்னா,

வண்டிக்காரர் வெளியே நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். அந்தத் தோட்டாக்களைச் சுட வேண்டாம் என்று ராய்ஸிடம் சொல். ஏழு மாதம் ஆயிற்று, வக்கீல் அலமாரியில் எப்படி இருந்ததோ. ஈரம் இறங்கியிருக்கும். ஈரம் பட்ட மருந்தை நம்ப முடியாது. நான் இங்கிருந்தே புதுசாக ஒரு பெட்டி செய்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், இல்லை என்றால் மே மாதம் வரும்போது கொண்டு வருகிறேன். அதைச் சுடட்டும். இதைக் கொட்டிவிடுங்கள். மறக்காமல் சொல்.

ஆன்சல்

*

லூயிஸ்டவுன்
ஏப்ரல் 9

அண்ணா,

உன் கடிதத்தை ராய்ஸுக்குப் படித்துக் காட்டினேன். அவர் காபி சிந்தச் சிரித்தார்!

"ஈரமா? மச்சான் குண்டச் சுத்தித் தேன்மெழுகு வச்சு இறுக்கினதுக்குள்ள தண்ணி போகுமா? அவரு தோட்டாவ ஓடைல போட்டு எடுத்தாலும் வெடிக்கும். அப்படியே ஈரம்னாலும் என்ன, மருந்து புஸ்ஸுன்னு போகும். கொஞ்சம் கீழ விழும், அவ்வளவுதானே? வேறென்ன ஆயிடும்?" என்றார். பிறகு சிந்தின காபியைத் துடைத்துக்கொண்டே, "பாவம் மச்சான். அன்னிக்கு ரத்தத்தப் பாத்ததுலேர்ந்து பயந்து போயிருக்காரு. தன் குண்டு மேலயே அவருக்கு நம்பிக்கை போயிடுச்சு. அதுக்காகவாவது நான் சுடணும்" என்றார்.

ஆக, உன் பயத்தைப் போக்கத்தான் சுடப் போகிறார். போட்டி முடிந்ததும் எவ்வளவு வாங்கினார் என்று எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி சனிக்கிழமை விடியலிலேயே கிளம்புகிறோம்.

அண்ணா, வேறு ஏதாவது இருந்தால் சொல். உன் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை.

வெர்னா

*

சுரங்க முகாம்
ஏப்ரல் 14, செவ்வாய்

வெர்னா,

சுட விடாதே. பெட்டியைப் பிடுங்கி வை. அடுப்பங்கரையில் ஒளித்து வை, அவர் கையில் படாமல் வை. இதுதான் விஷயம், மற்றதெல்லாம் பிறகு படி.

ஈரம் இல்லை. நான் பொய் சொன்னேன். அந்தப் பெட்டியில் நாலு தோட்டாவில் மருந்து இரட்டை மடங்கு இருக்கிறது. ஐந்தாவதுதான் ராய்ஸின் கண்ணை எடுத்தது.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் செய்தேன். பலகையில் ஐம்பது காலித் தோட்டா, வரிசைக்கு ஐந்து, பத்து வரிசை. ஒவ்வொன்றாக மருந்து ஊற்றிக்கொண்டு போனேன். மூன்று வரிசை முடித்தபோது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாலாவது வரிசையில் தொடங்குவதற்குப் பதில் மூன்றாவதிலேயே தொடங்கிவிட்டேன். நான் இலக்குக்குப் போடுவது கொஞ்சம் மருந்து, ஏழு கிரெயின் எடை. அந்தப் பெரிய தோட்டாக் குப்பிக்குள் பதினாலு ஊற்றினாலும் வழியாது, மேலிருந்து தெரியாது. அதற்காகத்தான் குண்டை வைத்து அழுத்துவதற்கு முன்னால் டார்ச் அடித்து ஐம்பதுக்குள்ளும் எட்டிப் பார்ப்பது. முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் பார்த்தவன் நான். அன்றைக்கு டார்ச் லாரியில் இருந்தது. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. அப்படியே குண்டை வைத்து அழுத்திவிட்டேன். மெழுகைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு சட்டியில் கொட்டி, கைக்கு வந்தபடி பெட்டியில் அடுக்கினேன். எது எது என்று எனக்கே தெரியாது.

இன்னும் இருக்கிறது. எல்லாம் முடிந்து மருந்து டப்பாவைப் பார்த்தால் அளவு குறைவாக இருந்தது. கீழே சிந்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். கீழே குனிந்து பார்த்தேன். தரை சுத்தமாக இருந்தது. அப்போதும் பெட்டியைக் கொண்டுவந்து உன் புருஷன் கையில் கொடுத்தேன். நாலு டாலர் தோட்டாவை உடைக்க மனசு வரவில்லை என்றாவது சொல்லலாம், அதுவும் இல்லை. ஆன்சல் தப்பு செய்ய மாட்டான் என்று ஊர் சொல்வதை நானும் நம்பினேன். அவ்வளவுதான்.

போன் செய்தது நீ. ஞாயிறு சாப்பாட்டுக்கு வருகிறாயா என்று கேட்டாய். இதை எழுதியிருக்கக் கூடாது. அடித்துவிட்டால் மறுபடியும் ஒன்றை மறைத்தவன் ஆவேன், அதனால் இருக்கட்டும். உன் மேல் தப்பில்லை.

லோவலுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வீடு வீடாகப் போய்த் துப்பாக்கியைக் கேட்டான் என்று நீ எழுதிய நாளிலிருந்து நான் தூங்கவில்லை. தாளில் பொய்க் கையெழுத்துப் போட்டேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் காட்டு.

இன்றைக்கே வண்டிக்காரருடன் கீழே கடைக்குப் போய் போன் செய்கிறேன் என்று கிளம்பினேன். கிளம்பி, வண்டிப் படியில் கால் வைத்ததோடு நின்றுவிட்டேன். உன் குரலைக் கேட்டு இதைச் சொல்ல என்னால் ஆகாது. வெள்ளிக்குள் கடிதம் வந்துவிடும் என்கிறார் அவர். வந்துவிடும்.

ஆன்சல்

*

லூயிஸ்டவுன்
ஏப்ரல் 27

ஆன்சல்,

உன் கடிதம் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் வந்திருக்கிறது. நாங்கள் விடியலிலேயே கிளம்பிவிட்டோம். நான் அதைப் படித்தது செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்தபோது.

முதல் ஐந்தும் நன்றாகப் போயின. நாலு பத்தும் ஒரு ஒன்பதும். இடது கையால்! கூட்டம் கைதட்டியது. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த ஐந்தைப் போட்டார். நாலாவதில் உடைந்தது. உருளையில் ஒரு துண்டு கழுத்தில் பாய்ந்தது. மூன்று நாள் இருந்தார். புதன்கிழமை காலையில் போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம் செய்தோம்.

லோவல் வந்திருந்தான். தேவாலயத்தில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் போன பிறகு நான்தான் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். மிச்சமிருந்த இருபத்தைந்தையும் என் சமையல் மேஜையில் வைத்து, "பிரி" என்றேன். குண்டை உருவி, மருந்தைச் சின்னத் தராசில் கொட்டிக் கொட்டி எடை போட்டான். நான் பக்கத்தில் நின்றேன். எட்டாவதில் மருந்து இரட்டை. பதினைந்தாவதில் இன்னொன்று. இருபத்திரண்டாவதில் மற்றொன்று. மூன்றாவது வந்ததும் தராசைத் தள்ளி வைத்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அதன் பிறகு உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். "எட்டு மாசமா என் கைய நானே நம்பல வெர்னா" என்று மட்டும் சொன்னான். உன்னைத் திட்டவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன்.

ஓடையில் கொட்டு என்றாய், லோவலிடம் கொடுக்காதே என்றாய், ஈரம் என்றாய். ஒரு வார்த்தை, ஆன்சல். செப்டம்பரில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எனக்கு ஒற்றைக் கண் புருஷன் இருந்திருப்பார். நான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருப்பேன். உன்னை மன்னித்தும் இருப்பேன். நிஜமாகவே மன்னித்திருப்பேன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

போன் செய்ததை எழுதியிருந்தாய். ஆமாம், நான்தான் செய்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன்.

உன் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். லோவலுக்கு நீயே தனியாக எழுது. எனக்கு இனி எழுதாதே. வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராய்ஸுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. உன் கடிதம் அப்போது என் கைப்பையில் இருந்தது. அவரிடம் அதைப் பற்றி நான் சொல்லவில்லை. பேச முடியாமல், என்னைக் குனியச் சொல்லி, காதோடு சொன்னார்: "மச்சான்கிட்ட சொல்லு, பயப்பட வேணாம்னு. அவரு குண்டு மேல தப்பே இல்ல."

சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

வெர்னா